கரிந்த சரிவில் மிளா

நான் தாராவியில் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவள். ஒரு கோடையில் போரிவ்லி காட்டில் ஒரு மலைச்சரிவு எரிந்துபோனது. முதல் மழைக்குப் பிறகு, எந்தெந்த விலங்கு அங்கே திரும்பி வருகிறது என்று பதிவு செய்ய, கேமரா வைத்திருப்பவர்களை வனத்துறை கூப்பிட்டது. நானும் பெயர் கொடுத்தேன். துணைக்கு என் வீட்டுக்காரர்.

மற்றவர்களிடம் முழங்கை நீள லென்ஸ்கள் இருந்தன. எல்லோரும் நீர்க்குட்டைப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரர் டிராம்பேயில் ஓர் ஆலையில் தீயணைப்பு வேலை பார்ப்பவர். அவர் சரிவையே மேலும் கீழும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏட்டி, தீ மேட்டுல ஏறும்போது வெரசா ஓடிரும். அங்க வேர் வேகாது. புல்லு மொதல்ல அங்கதான் துளிர்க்கும். மிளா அதத் தேடித்தான் வரும்."

கடமானை எங்கள் திருநெல்வேலிப் பக்கம் மிளா என்போம்.

சரிவின் மேலே, எரியாமல் தப்பிய ஒரு கோரைப்புல் திட்டுக்கு எதிரே, பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். எங்கள் வாடை விலங்குக்குப் போகாமல், காற்று எங்கள் முகத்தில் அடிக்கும்படி இடம் பிடித்தது அவர்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மாஹிமில் முதல் லோக்கல் ரயிலைப் பிடித்துப் போனோம். மயில்கூட வரவில்லை. வனக்காவலர், "இதர் குச் நஹி மிலேகா, மேடம்" என்று சிரித்தார். எனக்கும் அங்கே எதுவும் கிடைக்காது என்றுதான் தோன்றியது.

"அடுத்த வாரம் குட்டைக்கே போயிருவோம்ங்க."

"ஈர மண்ணுல குளம்புத் தடம் கெடக்கு பாத்தியா? இன்னும் ஒரு வாரம் இருந்து பாப்போம்."

நான்காம் ஞாயிறு, வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில், கரிந்த தரையில் ஓர் ஆண் மிளா ஏறி வந்தது. குதிரை உயரம் இருக்கும். புதுக் கொம்புகளில் இன்னும் மெத்தென்ற தோல் மூடியிருந்தது. பச்சைத் துளிரைக் கடித்துக் கடித்து நகர்ந்தது. நான் கேமராவைப் பழைய துண்டால் சுற்றி, சத்தம் வராமல் எடுக்கத் தொடங்கினேன். திடீரென்று அது தலையைத் தூக்கி, முன்காலைத் தரையில் ஓங்கி அடித்துக் கத்தியது. எங்களைக் கண்டுவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அதன் கண் கோரைப்புல்மேல் இருந்தது.

புல்லுக்குள்ளிருந்து ஒரு சிறுத்தை எழுந்து நின்றது. பதுங்கியது தெரிந்துபோன பிறகு இனி ஒளிந்து என்ன பயன் என்பதுபோல, வாலைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு, அந்தக் கருப்புச் சரிவின் குறுக்கே சாவகாசமாக நடந்தது. மிளா அசையாமல் நின்று முறைத்தது. என் வீட்டுக்காரர் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் விரலை எடுக்காமல் எடுத்துக்கொண்டே இருந்தேன். தாலியை இரண்டாம் தடவை கட்டச் சொல்லிக் கேட்க முடியாது. அந்தப் பழக்கம் கைக்கு இருந்தது. இரண்டும் ஒரே படத்தில் விழுந்தன.

வனக்காவலர் திரையைப் பார்த்தார். சிரிக்கவில்லை. உடனே அதிகாரிக்குப் போன் போட்டார். நீர்க்குட்டைக்காரர்கள் சுற்றி நின்று, என்ன லென்ஸ் என்று கேட்டார்கள்.

"கல்யாணத்துக்கு எடுக்கறதுதான்" என்றேன்.

திரும்பும் வழியில் மாட்டுங்காவில் டிபன் சாப்பிட நுழைந்தோம். என்ன வேண்டும் என்று கேட்க வந்த சர்வரிடம் என் வீட்டுக்காரர் கேமராவை நீட்டினார்.

"என் வீட்டுக்காரி எடுத்தது. நல்லாப் பாருங்க, அண்ணாச்சி."

சர்வர் அதை வாங்கிக்கொண்டு, உள்ளே இருப்பவர்களுக்கும் காட்டச் சமையலறைக்கே போய்விட்டார். இட்லி வர நேரமாயிற்று.