சட்டிச் சத்தமும் என் கச்சேரியும்

சில வருடங்களுக்கு முன்பு, மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. குன்னூரில் வேலை பார்க்கும் நான், உயிர் மீன் வாங்குகிறேன் பேர்வழி என்று பிக்கட்டிக்கு அப்பால் உள்ள ஓர் அணைக்கட்டுக்குப் போனேன். தண்ணீர் ஓரமாக ஒரு தகரக் கொட்டகை. பவானி ஆற்றுப் பக்கமிருந்து பிழைப்புக்காக மலையேறி வந்த மீன்பிடிக்காரரும் அவர் மனைவியும் அதில் குடியிருந்தார்கள். ஒரு பரிசல், ஒரு வலை. அவ்வளவுதான் அவர்கள் சொத்து.

வாசலில் கவிழ்த்திருந்த அலுமினியச் சட்டியின் அடிப்பாகம் முழுக்க நசுங்கல். என் வாய் சும்மா இருக்குமா? "ஏம்மா, ஊட்டுல சண்டை வந்தா அடி வாங்கறது இந்தச் சட்டிதானா?" என்றேன்.

"அவரு தலை கெட்டிங்ணா. அதுல அடிச்சிருந்தா சட்டி ரெண்டாப் போயிருக்குமுங்க" என்றார் அந்தப் பெண்.

வலை எடுக்கக் கிளம்பிய பரிசலில் நானும் தொற்றிக்கொண்டேன். பாதி வலை மேலே வந்தது, கெண்டைகள் துள்ளின. அதற்கு மேல் வரவில்லை. அணை கட்டும் முன் அங்கிருந்த மரங்களின் கட்டைகள் இன்னும் தண்ணீருக்கடியில் நிற்கின்றனவாம். அதில் ஒன்று வலையைப் பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து மூடுபனி இறங்கியது. கரை போயிற்று, மலை போயிற்று, கடைசியில் என் செருப்பே எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"தம்பி, வலையை அறுத்து விட்டுருப்பா, போயிரலாம்!" என்றேன்.

"போன வலை இப்படித்தானுங்க சார் போச்சு. அப்புறம் மழைக்காலம் பூரா கேரட் காட்டுல கூலிக்கு நின்னோம். கூப்புட்டாத்தான் வேலை. கூப்புடாட்டி ரெண்டு பேரும் வறக்காப்பியக் குடிச்சுட்டுப் படுத்துக்குவோம். இதையும் அறுத்தா, ஊரப் பாத்து எறங்கோணுமுங்க."

நியாயமான பேச்சு. ஆனால் நீச்சல் தெரியாதவனுக்கு நியாயம் எதற்கு? கத்த ஆரம்பித்தேன். முதலில் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். அடுத்து என் மேலதிகாரியை. பிறகு, சண்டை போட்டுப் பேச்சுவார்த்தையே இல்லாமலிருந்த மச்சானைக்கூட, "மாப்ளே, காப்பாத்துடா!" என்று கூப்பிட்டேன்.

"சார், சித்த வாய மூடுங்க! நீங்க கத்துனா அவ சத்தம் கேக்காது. அது கேக்காட்டி கரை எந்தப் பக்கம்னு எனக்கே தெரியாது. எனக்கும் பயந்தானுங்க!"

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை அடக்கியது. தலையிலிருந்த குரங்குக் குல்லாவைக் கழற்றி வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.

டங்... டங்... டங்.

பனி இறங்கினால் கரையில் நின்று சட்டியைக் கரண்டியால் தட்டுவது அவர் மனைவியின் வழக்கமாம். நடுநடுவே நிறுத்திக் காது கொடுப்பார். தண்ணீரிலிருந்து இவர் ஒரு சீட்டி அடிக்க வேண்டும். அத்தனை நேரமும் அவர் தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். என் கச்சேரியில் அது அமுங்கிப் போயிருக்கிறது.

மீன்பிடிக்காரர் சீட்டி அடித்தார். திசை தெரிந்ததும் பரிசலைக் கட்டையின் மறுபக்கம் கொண்டுபோய், அங்கிருந்து இழுத்தார். குல்லாவைக் கடித்தபடி நானும் இழுத்தேன். திடீரென்று வலை விட்டுக்கொடுக்க, இருவரும் கெண்டைகள் மேலேயே மல்லாந்தோம்.

சட்டிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே கரை சேர்ந்தோம். அந்தப் பெண் மீனையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. வலையை வாங்கி, விரல்களால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் கையகலக் கிழிசல்.

"இவ்வளவுதானா? பொழுது சாயறதுக்குள்ள பின்னிப் போடலாமுங்க" என்று மூச்சு விட்டார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்ணா, வாயில என்னங்க, கரடிக் குட்டியா?"

குல்லாவை எடுக்கவே மறந்திருந்தேன்!

அதே சட்டியில் அன்று மீன் குழம்பு கொதித்தது. நசுங்கல்களைப் பற்றி நான் மறுபடி வாய் திறக்கவில்லை. ஒவ்வொன்றும் அவர் கணவர் பத்திரமாகக் கரை வந்த ஒரு நாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இன்றும் குன்னூரில் மூடுபனி இறங்கினால் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். என் மனைவிக்கு அது ஒரு நிம்மதி. எனக்கோ, எங்கோ ஒரு சட்டி தட்டப்படுகிறது, யாரோ தன் வலையோடு கரை திரும்பிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வதில் அதைவிடப் பெரிய நிம்மதி.