பொதுமக்கள் சார்பில் ஒரு சால்வை

அண்ணனின் வீட்டு வழக்கில் சாட்சி சொல்ல, சென்னையிலிருந்து நாலாவது முறையாக சிகந்தராபாத் கோர்ட்டுக்கு வந்திருக்கிறேன். முந்தைய மூன்று முறையும் வாய்தா.

இன்று கோர்ட் ஹாலில் ரோஜா மாலைகளும் மைக்கும். நீதிபதி ஓய்வு பெறுகிறார். வழக்குகளைத் தேங்கவிடாதவர் என்று அவரைப் பாராட்டுவதற்காக, இன்றைய வழக்குகள் அத்தனையையும் தள்ளிவைத்துவிட்டார்கள்.

முன்சீப்பாகச் சேர்ந்தவர் வாரங்கல், நிஜாமாபாத் என்று ஊர் ஊராக மாற்றலாகி மாவட்ட நீதிபதியாக உயர்ந்த கதையை ஒரு மூத்த வக்கீல் தெலுங்கில் உருகி உருகிச் சொல்கிறார். ஒவ்வொரு ஊரை விட்டுக் கிளம்பும்போதும் ஜனங்கள் அழுதார்களாம். பாதி விசாரணையில் நின்றுபோன கட்சிக்காரர்களாக இருக்கும்.

எங்கள் வக்கீலம்மா, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர், கையில் சால்வையோடு ஓடி வருகிறார்.

"சார், பப்ளிக் சைட்ல சால்வை போட ஆளே இல்ல. நீங்க போட்டுடுங்க."

"என் சாட்சியம் என்ன ஆச்சும்மா?"

"புது ஜட்ஜ் வரட்டும் சார். இப்ப கைக்கு டென்ஷன்? வாங்க." 'கைக்கு' என்றால் இந்த ஊர் உருதுவில் 'எதற்கு'.

"இவருக்காகவே சென்னையிலிருந்து வந்திருக்கிறார்" என்று மைக்கில் அறிவிக்கிறார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

சால்வையைப் போர்த்துகிறேன். நீதிபதி நெகிழ்ந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்கிறார்: "உங்களை என் கோர்ட்டில் பார்த்த ஞாபகமே இல்லையே?"

"நீங்கள் இன்னும் கூப்பிடவில்லை, ஐயா."