மந்திரிக்கு முதுகு காட்டியவன்

பந்தோபஸ்துக்குப் போகும் போலீஸ்காரன் முதலில் கற்கும் பாடம், வருகிறவருக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்து நிற்பது. விருத்தாசலத்தில் கான்ஸ்டபிளாக இருந்தபோது உள்துறை மந்திரிகள் மூவருக்கு அப்படி நின்றேன். கூட்டத்தில் கால் கடுக்க நின்றும் ஒன்றையும் பார்க்காமல் வீடு திரும்பியவர் நீங்கள் என்றால், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கறுப்பா, சிவப்பா?

அறுபதுகளின் நடுவில் ஒருவர் வந்தார். மூன்று மணி நேரம் நின்றேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி தனம், "மந்திரி கறுப்பா, சிவப்பா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். என் எதிரே கயிற்றைப் பிடித்து நின்றவர்கள் முப்பத்தேழு பேர், அதுதான் தெரியும்.

"நீங்க நிக்கறதாவது அவருக்குத் தெரியுமா?" என்றாள்.

வாய்க்கால்காரர்

இரண்டாமவர் வந்தபோது, சேத்தியாத்தோப்பு விவசாயி ஒருவர் மனுவோடு கயிற்றருகே நின்றார். "இவரு எதுக்கு மந்திரிங்க?" என்றார். போலீஸ், ஜெயில், ஊர் அமைதி எல்லாம் இவர் பொறுப்பு என்றேன். "எங்க வாய்க்கா தூந்து கெடக்குதே?" அது வேறு மந்திரி என்றேன்.

"வந்தவரத்தானே கேக்க முடியும்?" என்றார்.

ஒன்பது இடம்

நாங்கள் குடியிருந்த போலீஸ் லைன் ஓட்டு வீடுகள். கோயில் குரங்குகள் ஓட்டைக் கலைத்துவிடும். மழை வந்தால் என் வீட்டில் ஒன்பது இடத்தில் ஒழுகும். விளிம்பு உடைந்த பீங்கான் ஜாடிகளை வைப்போம். கைக்குழந்தையின் தூளிக்கு நனையாத இடம் ஒன்றே ஒன்று. மூன்றாம் மந்திரி வந்த வருஷம் அதுவும் ஒழுகியது. குழந்தைக்கு இருமல் விடவில்லை. கான்ஸ்டபிள் மந்திரியிடம் நேரே மனுக் கொடுக்கக் கூடாது. முறைப்படி நான்கு முறை எழுதினேன். மேலே அனுப்பியிருப்பதாகப் பதில் வந்தது.

"மேலன்னா ஓட்டு மேலயாய்யா?" என்றார் பக்கத்து வீட்டு ஏட்டு.

இருபது பேர்

எழுபதுகளில் மூன்றாமவர் பீங்கான் தொழிற்பேட்டைக்கு வந்தார். மனுக் கொடுக்க இருபது பேரை மட்டும் விட வேண்டும் என்று உத்தரவு. எண்ணி எண்ணி விட்டேன். இருபதாவது ஆள், அதே வாய்க்கால்காரர். அவருக்குப் பின்னால் இடுப்பில் குழந்தையோடு தனம்!

"போயிடு, இருபதோட முடிஞ்சுது" என்றேன் மெல்ல.

"ஏங்க, போலீஸ்காரர் பொண்டாட்டி பொதுஜனம் இல்லியா?" என்றாள். குழந்தை இருமியது.

வாய்க்கால்காரர் எங்கள் இருவரையும் பார்த்தார். வரிசையை விட்டு விலகி, தன் காகிதத்தைத் தனத்தின் கையில் திணித்தார். "எம் எடத்துல நீ போம்மா. இதையும் சேத்துக் குடுத்துடு."

விட்டேன். ஆள் இருபதுதான், மனு இருபத்தொன்று. நான் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் தனத்தின் குரல், காகிதம் பிரியும் சத்தம், பிறகு ஒரு கனத்த குரல் கேட்டன.

"ஊரைக் காக்கிறவர் வூடே ஒழுகுதா? அடுத்த மழைக்குள்ள ஓடு மாத்திடணும்."

மூன்று மந்திரிகளில் ஒருவர் முகத்தையும் நான் பார்த்ததில்லை என்றாலும், அடுத்த மழையில் என் வீடு இரண்டே இடத்தில்தான் ஒழுகியது என்பதையும், அந்த இரண்டும் தூளிக்கு மேலே இல்லை என்பதையும் நேருக்கு நேர் நின்று எண்ணிப் பார்த்தேன்.