சிவக்காத கண்

அந்தப் பகுதியில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். 'கண்ணைத் திற அக்கா' என்று கேட்டால் போதும், கையைப் பிடித்துக் கூட்டிவந்து கடை வாசலில் விட்டுவிடுவார்கள். மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்த பாஸ்போர்ட் போட்டோக் கடையிலிருந்து நாள் முழுக்க ஒரே அதட்டல்தான் தெருவுக்குக் கேட்கும். "கண்ணைத் திற! நல்லாத் திற! படம் எடுக்க வந்தியா, தூங்க வந்தியா?" எதிரே உட்கார்ந்திருப்பவர் பேராசிரியராக இருந்தாலும் சரி, பேருந்து ஓட்டுநராக இருந்தாலும் சரி, அவளுக்கு எல்லோரும் தப்பான நேரத்தில் கண்ணை மூடுகிற ஜென்மங்கள்தான்.

கடை அவ்வளவு சின்னது. கைகளை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும். பெரிய குடை விளக்குகளுக்கு அங்கே இடமேது? கேமராவின் தலையிலிருந்து துள்ளி எழும் சின்ன ப்ளாஷை வைத்தே பதினெட்டு வருஷம் ஓட்டிவிட்டாள். அந்தக் குட்டி ப்ளாஷை ஆட்டிவைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நெற்றி வியர்த்துப் பளபளக்கும் ஆளுக்கு அதன் பலத்தை ஒரு புள்ளி குறைப்பாள். வெள்ளைச் சட்டைக்காரருக்கு அரைப் புள்ளி கூட்டுவாள். கைக்குழந்தை என்றால் ப்ளாஷின் மேல் மெல்லிய டிஷ்யூ தாளை ஒட்டி வெளிச்சத்தைச் சாந்தப்படுத்துவாள்.

ஒரே ஒரு வசதியை மட்டும் எப்போதும் அணைத்தே வைத்திருந்தாள். ப்ளாஷ் வெளிச்சம் கண்ணுக்குள் நேராகப் போய்த் திரும்பினால் கண்மணி சிவப்பாக எரியும். அப்படி ஆகாமலிருக்க, படம் எடுப்பதற்கு முன்னால் ஒரு சிறு விளக்கு ஒரு நொடி எரிந்து கண்மணியைச் சுருங்க வைக்கும். கேமராக்காரர்கள் செய்துவைத்த ஏற்பாடு அது. ஆனால் அந்த விளக்கைப் பார்த்ததும் படம் எடுத்தாகிவிட்டது என்று நினைத்து ஜனங்கள் பாதியில் எழுந்துவிடுவார்கள், அல்லது கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள். "அதோட மல்லுக்கட்ட என்னால ஆகாது" என்று அணைத்தவள் அணைத்தவள்தான். கண் சிவப்பாக வந்தால் என்ன? கம்ப்யூட்டரில் கண்ணின்மேல் ஒரு தட்டு தட்டினால் சிவப்பு கறுப்பாகிவிடும். இரண்டு கண், இரண்டு தட்டு, வேலை முடிந்தது.

அவளுக்குக் கல்யாணம், குடித்தனம் எதுவும் வாய்க்கவில்லை. அதற்காக அவள் ஏங்கியதாகவும் தெரியவில்லை. ஒரே தங்கை இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். தங்கையின் வீட்டுக்காரர் வெளியூர் வேலைக்காரர், மாதம் ஒருமுறை வந்து முகம் காட்டிப்போவார். தங்கையின் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. அந்தக் குட்டி என்றால் அக்காவுக்கு உயிர். 'பெரிம்மா' என்று அது கடைக்குள் தத்தி நுழைந்தால், எதிரே உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர் கண்ணை மூடினாலும் திறந்தாலும் அவளுக்கு ஒன்றுதான்.

குட்டியின் படங்களில் ஒரு தொந்தரவு இருந்தது. இடது கண்ணில் தட்டினால் சிவப்பு மறையும். வலது கண்ணில் எத்தனை தட்டு தட்டினாலும், 'சிவப்பு எதுவும் இல்லை' என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிடும். உண்மைதான், அங்கே சிவப்பு இல்லை. வெள்ளையாக ஒரு பொட்டு இருந்தது. "சோம்பேறி மிஷினு" என்று திட்டிவிட்டு, அவள் தன் கையாலேயே சின்ன பிரஷ்ஷை எடுத்து அந்த இடத்தில் கறுப்பை வைப்பாள். வைத்த கறுப்பு செத்த மாதிரி தெரியாமலிருக்க, நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சப் புள்ளியும் வைப்பாள். கண் உயிரோடு பார்க்கும். அப்படிப் பதினோரு படங்கள். பதினொன்றையும் தங்கை சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தாள்.

தங்கை ஒருதரம் கேட்கத்தான் செய்தாள். "அக்கா, சாயங்காலம் ஜன்னல் பக்கம் திரும்புறப்ப பாப்பா கண்ணு பூனைக்கண்ணு மாதிரி மினுங்குதுக்கா. ஒரு கண்ணு மட்டும். எனக்குப் பயமா இருக்கு."

"புள்ளையப் பெத்தவளுக்கு நிழல் எல்லாம் பூதந்தான். வெளிச்சம் பட்டா மினுங்காம என்ன செய்யும்? படத்துல பாரு, கண்ணு எவ்வளவு நல்லா இருக்கு!"

கூடத்துச் சுவரைப் பார்த்துத் தங்கை சமாதானமானாள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கண்ணைப் பார்ப்பதே பிழைப்பாக வைத்திருப்பவளுக்குத் தெரியாததா?

மழலையர் பள்ளி விண்ணப்பத்துக்குப் படம் வேண்டியிருந்தது. ஒரு மதியம் தங்கை குட்டியைக் கடையில் விட்டுவிட்டு விண்ணப்பம் வாங்கப் போனாள். வாசல் வழியாக வெயில் வந்து பின்சுவரில் அடித்ததால் அக்கா திரையை இழுத்துவிட்டாள். கடை மங்கலானது, மேலே ஒரு பல்பு மட்டும் எரிந்தது. டிஷ்யூ தாள் தீர்ந்துபோயிருந்தது. 'ஒரு தடவை வெறும் ப்ளாஷ் பட்டா ஒண்ணும் ஆகாது' என்று அழுத்தினாள்.

கேமராவின் முதுகுத் திரையில் குட்டி சிரித்தது. இடது கண் நெருப்புக் கங்காகச் சிவந்திருந்தது. வலது கண்மணி முழுக்க வெள்ளை. பொட்டு இல்லை, கீற்று இல்லை. கவிழ்த்துவைத்த எவர்சில்வர் டம்ளரின் அடிபோல வட்டமாக, முழுசாக மின்னியது. அவள் நிமிர்ந்து நாற்காலியைப் பார்த்தாள். அங்கே குட்டி சாதாரணமாகக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

லென்ஸில் தூசி என்று துடைத்தாள். மறுபடி அழுத்தினாள், மறுபடி வெள்ளை. ப்ளாஷின் பலத்தை ஒரு புள்ளி குறைத்தாள், பிறகு இரண்டு புள்ளி. முகம் இருண்டது, உடுப்பு இருண்டது, அந்த வட்டம் மட்டும் இருட்டிலும் வெளுத்திருந்தது. கடைசியில், பதினெட்டு வருஷமாகத் தொடாத அந்த ஏற்பாட்டைத் தேடிப் போட்டாள். சிறு விளக்கு ஒரு நொடி எரிந்தது, ப்ளாஷ் வெட்டியது. இடது கண் சிவப்பு நீங்கி அழகாகக் கறுத்துவிட்டது. வலது கண் கொஞ்சம் சிறுத்த வெள்ளையாக, அவளையே பார்த்தது. எந்தப் பொத்தானுக்கும் அது அடங்கவில்லை. அது வெளிச்சத்தால் வந்த கோளாறு இல்லை, அங்கேயே குடியிருக்கிற ஒன்று என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் குட்டியின் முன்னால் மண்டியிட்டாள். விளையாட்டுப்போல் உள்ளங்கையால் அதன் வலது கண்ணைப் பொத்தினாள். குட்டி கலகலவென்று சிரித்து அவள் மூக்கைப் பிடித்தது. கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினாள்.

குட்டியின் சிரிப்பு சட்டென்று நின்றது. தலையை அசைக்காமல் கையை மட்டும் முன்னால் நீட்டிக் காற்றில் துழாவியது. அதன் விரல்கள் அவள் காதைத் தொட்டன, தாண்டிப் போயின. திறந்திருந்த வலது கண் அவள் முகத்துக்கு நேராகத்தான் இருந்தது.

"பெரிம்மா" என்றது குட்டி. "லைட்டு போடு."

தலைக்கு மேலே பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவள் கையை எடுத்துவிட்டுக் குழந்தையை அணைத்துக்கொண்டாள். அழக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு பயமாக இருந்தது.

அவள் எதையும் அழிக்கிற பழக்கம் இல்லாதவள். திருத்தாத படங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் அப்படியே கிடந்தன. குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தாள். பதினான்கு மாதத்துக்கு முந்தைய படத்தில், வலது கண்மணியின் ஓரத்தில் நகக்கீறல் அளவு வெளுப்பு. அடுத்ததில் பிறை. அதற்கடுத்ததில் பிறை தடித்திருந்தது. படத்துக்குப் படம் அது வளர்ந்திருக்கிறது, படத்துக்குப் படம் அவள் உட்கார்ந்து அதன்மேல் கறுப்பு வைத்திருக்கிறாள். திரையில் இடப்பக்கம் உண்மைப் படமும் வலப்பக்கம் அவள் திருத்திய படமும் நின்றன. இரண்டும் ஒரே குழந்தை என்று சொன்னால் நம்ப முடியாது. வலப்பக்கத்துப் பிள்ளை இரண்டு கண்ணாலும் அவளைக் கூர்ந்து பார்த்தது. அந்தப் பார்வையைப் பொறுக்க மாட்டாமல் அவள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டாள்.

தங்கை வந்ததும், "கண் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாம்டி" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் கண் ஆஸ்பத்திரியில் மருந்து விட்டுக் காக்க வைத்தார்கள். பிறகு டாக்டரம்மா விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். அறை இருட்டாக இருந்தது. குட்டி அம்மாவின் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

"இது எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சா நல்லது" என்றார் டாக்டரம்மா. "ப்ளாஷ் போட்டு எடுத்த படம் ஏதாவது இருக்கா?"

தங்கைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இருக்கு டாக்டர்! எங்கக்கா போட்டோ எடுக்கிறவங்கதான்." போனில் சேமித்து வைத்திருந்த பதினொன்றையும் காட்டினாள். டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். புருவம் இறங்கியது.

"போன மாசம் வரைக்கும் நல்லாத்தானே இருந்திருக்கு. அப்ப இது ரொம்பச் சமீபத்துல வந்ததா இருக்கணும். ஆனா உள்ள பார்த்தா அப்படித் தெரியலையே."

அக்கா சுவரோரம் நின்றிருந்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. கம்ப்யூட்டரில் இருப்பதை அழிக்க ஒரு நிமிஷம் ஆகுமா? தங்கைக்கு அக்கா அக்காவாகவே இருப்பாள். அதையெல்லாம் அவள் நினைக்காமல் இல்லை, நன்றாகவே நினைத்தாள். அதற்காகப் பின்னால் பலமுறை தன்னைத்தானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்திருக்கிறது.

"அந்தப் படத்தையெல்லாம் பார்க்காதீங்க" என்றாள். பைக்குள்ளிருந்து, அதிகாலையில் எழுந்து பிரிண்ட் போட்ட திருத்தாத படங்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இதுதான் நிஜம். வெள்ளையா இருந்ததைக் கறுப்பாக்குனது நான்தான். பதினாலு மாசமா."

டாக்டரம்மா படங்களைத் தேதிப்படி வரிசையாக அடுக்கினார். "ஒரு படத்துல இப்படி வந்தா ஒண்ணும் இல்லாமலும் போகலாம். ஆனா எல்லாத்துலயும் அதே கண்ணு" என்று நிறுத்தினார். கண்ணுக்குள் கட்டி வளர்ந்திருக்கிறது, இனிப் பார்வை வராது, கண்ணை எடுத்துவிட்டால் உயிருக்கு ஆபத்து இருக்காது, இப்போதாவது வந்தீர்களே என்று மெதுவாகச் சொன்னார். ஒரு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் கண் தப்பியிருக்குமா என்று அக்காதான் கேட்டாள்.

"தப்பியிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

தங்கை மேஜைப் பக்கம் குனிந்தாள். வரிசையாக இருந்த படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் ஜன்னல்கிட்டப் பார்த்தது நிஜந்தான்" என்றாள். "எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப்போச்சோன்னு நினைச்சேன்."

அந்த வாரமே கண்ணை எடுக்கும் அறுவைச் சிகிச்சை நடந்தது. கட்டி கண்ணைத் தாண்டிப் பரவவில்லை என்றார்கள். குட்டி பிழைத்துக்கொண்டது. நாலாம் நாளே ஆஸ்பத்திரிக் கட்டிலில் குதித்து நர்ஸிடம் திட்டு வாங்கியது. அக்கா தினமும் போனாள். தங்கை அவளை உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், பேச்சு மட்டும் அளந்துதான் வந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு முற்பகலில் தங்கை கடைக்கு வந்தாள். இடுப்பில் குட்டி, தோளில் ஒரு கனத்த துணிப்பை. பையிலிருந்து ஒவ்வொரு சட்டமாக எடுத்து மேஜைமேல் அடுக்கினாள். பதினொன்றையும் எண்ணிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"கோவமாடி?" என்றாள் அக்கா.

"கோவம் இருக்கு, போயிடும். நீ என் அக்கா." தங்கை மேலேயிருந்த சட்டத்தைத் திருப்பி அவள் பக்கம் வைத்தாள். "ஆனா இதுங்க கூட ஒரே வீட்டுல இருக்க முடியலக்கா. கூடத்துல நடந்தா பின்னாலேயே பார்க்குது. என் புள்ள இப்படிப் பார்த்ததே இல்ல. இது யாரு புள்ளைன்னு எனக்குத் தெரியல, நீயே வச்சுக்க."

குட்டியைக் கொஞ்சக் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்கிக்கொண்டு தங்கை போனாள். அக்கா திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். இரண்டு கண்ணும் நன்றாக இருந்த அந்தப் பிள்ளை மேஜையிலிருந்து அவளைப் பார்த்துச் சிரித்தது.