அரை மின்னல்கள்

என்னிடம் நாற்பதுக்கும் மேற்பட்ட மின்னல் படங்கள் இருக்கின்றன. ஒன்றுகூட முழுசு இல்லை. மேலே ஒரு பட்டை வெளிச்சமாக இருக்கும், கீழே அதே வானம் கறுத்துக் கிடக்கும். மின்னல் நடுவில் கத்தரித்தாற்போல் நின்றுவிடும்.

என் கணவருக்குப் பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு வேலை. எனக்கு முதியோர் இல்லத்தில் காலை வேலை. மத்தியானம் நான் ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வரும்போது அவர் படுக்கையில் இருப்பார். பதினாறு வருடமாக நான் ஒரு கதவைக்கூட அடித்துச் சாத்தியதில்லை. தேங்காய் துருவுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். கமரா வாங்கிய அன்றே அதன் சத்தத்தையும் நிறுத்திவிட்டேன். உள்ளே ஒன்றும் அசையாமல், மின்னணு முறையிலேயே படம் எடுக்கிற அமைப்பு ஒன்று அதில் இருந்தது.

கோடையில் பின்னேரங்களில் இடிமழை வரும். கால் உளைவோடு யன்னலில் நிற்பேன். நாள் முழுக்க மற்றவர்களுக்கு உடுப்பு மாற்றி, வாயில் சாப்பாடு தீத்திவிட்டு வருகிறவளுக்குத் தனக்கென்று ஒரு முழு மின்னல் வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

கமரா பழுது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் படங்களைப் பார்த்துவிட்டுப் பழுது ஒன்றும் இல்லை என்றார். சத்தமில்லாத அமைப்பில் கமரா மேலிருந்து கீழே வரிவரியாகத்தான் படத்தை வாசிக்குமாம். அது வாசித்து முடிக்குமட்டும் மின்னல் காத்திருக்காதாம்.

"சத்தத்தோடு எடுங்கள், அப்போது முழுப்படமும் ஒன்றாக விழும்," என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இரண்டு கிழமை யோசித்தேன். போன செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கே வானம் இருண்டது. துணிந்து அமைப்பை மாற்றினேன். டக், டக், டக். ஒவ்வொன்றுக்கும் பின்னால் திரும்பிப் பார்த்தேன். படுக்கையறைக் கதவு திறந்தது.

"ஐயோ, எழுப்பிப்போட்டனே?" என்றேன்.

"இவ்வளவு இடி இடிக்குது. உம்மட கமராவே என்னை எழுப்பினது?"

"அப்ப நித்திரை கொள்ளேல்லையே?"

அவர் கண்ணைக் கசக்கினார். "பகலிலை எனக்கு எப்ப ஒழுங்கா நித்திரை வந்தது? நீர் பூனை மாதிரி நடந்து திரியிறீர். நான் முழிச்சிருக்கிறன் எண்டு தெரிஞ்சால் உமக்குக் கவலை. அதுதான் அசையாமல் கிடக்கிறனான்."

பதினாறு வருடம். சுவருக்கு இந்தப்பக்கம் நான், அந்தப்பக்கம் அவர், இரண்டுபேரும் விழித்தபடி, ஒருவருக்காக ஒருவர் மூச்சுக் காட்டாமல் இருந்திருக்கிறோம். அத்தனை பின்னேரமும் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்துக் கதைத்திருக்கலாம். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. செற்றியில் போய் அமர்ந்தேன். அவரும் பக்கத்தில் வந்து இருந்தார்.

"படம் வந்ததே?" என்று கேட்டார்.

தேடிப் பார்த்தேன். வந்திருந்தது. முகிலிலிருந்து எதிர்வீட்டுக் கூரைவரை, எங்கும் அறாமல், முழு மின்னல். அவரிடம் காட்டினேன்.

"நல்லாயிருக்கு," என்றவர், அதைப் பார்த்தபடியே என் தோளில் சாய்ந்து நித்திரையாகிப்போனார். அடுத்த இடி யன்னலையே அதிரவைத்தது. அவர் எழும்பவில்லை. கை மரத்துப்போகுமட்டும் நான் அப்படியே இருந்தேன்.