அவர் கேட்டது பால், பால்படி அல்ல

பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு, மேசைமேல் இருந்த கண்ணாடித் தம்ளரை எடுத்துப் பால் குடித்தார் எங்கள் சங்கச் செயலாளர். ஒரே மடக்கில் குடிக்கவில்லை. தொண்டைக்குழி ஏறி இறங்குவது முன்வரிசைக்குத் தெரியும்படி, நிதானமாக, வேண்டுமென்றே தாமதமாகக் குடித்தார். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. "அண்ணனுக்குச் சங்குல ஊத்திக் குடுங்கப்பா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். 1956ஆம் ஆண்டு தை மாதம், சிவன்மலைத் தேருக்கு முந்தின நாள் அது. நான் இணைச் செயலாளராக மேடையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது, 1978இல், சங்கம் ஒரு மலர் வெளியிட்டிருக்கிறது. அதில் அவர் படத்துக்குக் கீழே, "1954இல் சலவைத் தொழிலாளருக்குப் பால்படி பெற்றுத் தந்த செம்மல்" என்று போட்டிருக்கிறார்கள். ஆண்டு தப்பு. ஆண்டுப் பிழையை எளிதில் மன்னிக்கிறவன் அல்ல நான். ஆனால் மீதி வரியைப் படித்த பிறகு அந்தப் பிழை எனக்குப் பெரிதாகப் படவில்லை. எதை எதிர்த்து ஒரு மனிதர் பதவியை விட்டுப் போனாரோ, அதையே அவர் சாதனை என்று அச்சடிக்க எப்படிக் கை வந்தது?

பனியன் துணி பின்னல் இயந்திரத்திலிருந்து வரும்போது பழுப்பாக இருக்கும். அதை வெளுப்பது சலவைப் பட்டறை. வெளுக்க அன்று இயந்திரம் கிடையாது. பிளீச்சிங் பவுடர் கரைத்த சிமெண்டுத் தொட்டிக்குள் ஆட்கள் முழங்கால் வரை இறங்கி, துணியை மிதித்துப் புரட்டுவார்கள். கூரை தாழ்வு. சன்னல் இருக்காது, காற்று வந்தால் பவுடரின் வீரியம் போய்விடும் என்பது முதலாளிகளின் கணக்கு. புதிதாக உள்ளே போகிறவனுக்குக் கண்ணில் நீர் கொட்டும். பழகியவனுக்குக் கண்ணில் வராது, நெஞ்சில் வரும். செயலாளரின் மனைவிக்குத் தம்பி ஒருவன் அப்படிப் பழகியவன். அவன் தெருமுனையில் வரும்போதே இருமலை வைத்து ஆளைச் சொல்லிவிடலாம்.

செயலாளருக்குப் பால் யோசனை வந்தது ஒரு பிரெஞ்சுப் பிரதமரிடமிருந்து. இதைச் சொன்னால் இன்றும் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்கள் அந்தப் பிரதமர் யாரென்று தெரிந்துகொண்டு சிரிக்கட்டும். இளம் வயதிலேயே வழக்கறிஞர், இருபத்தைந்து வயதில் நாடாளுமன்ற உறுப்பினர். ஜெர்மனிக்குப் பணிந்த அரசு அவரைச் சிறையில் போட்டது. சுவரேறிக் குதித்துத் தப்பி, லண்டன் போய் விமானப் படையில் சேர்ந்தார். போர் முடியும் தறுவாயில் அமைச்சராக இருந்தபோது, தம் யோசனையை ஏற்கவில்லை என்பதற்காகப் பதவியைத் துறந்தார். 1954 ஜூனில் பிரதமரானார். வியட்நாம் போரை ஒரு மாதத்தில் நிறுத்துவேன், ஜூலை 20க்குள் முடியாவிட்டால் விலகுவேன் என்று நாள் குறித்துச் சொன்னார். நிறுத்தினார். கையெழுத்தானது அன்று நள்ளிரவு தாண்டி. கணக்கு தப்பக்கூடாது என்று கடிகாரத்தை நிறுத்தி வைத்தார்கள் என்பார்கள். அதே ஆண்டு நவம்பர் முதல் தேதி புதுச்சேரி நம் கைக்கு வந்ததும் அவர் ஆட்சியில்தான்.

அவர் பால் குடிப்பவர். நாட்டில் குடி பெருகிவிட்டது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கச் சொன்னார். சபையிலேயே பால் குடித்தார். சாராய வியாபாரிகள் கேலிப்படம் போட்டார்கள். யூதர் என்பதையும் சேர்த்து ஏசினார்கள். 1955 பிப்ரவரியில் ஓட்டெடுத்துக் கவிழ்த்தார்கள். கவிழ்ந்த பிறகு இரண்டு வார்த்தை சொல்ல மேடை ஏறியவரை, மேசையைத் தட்டிக் கூச்சலிட்டு இறக்கிவிட்டார்கள். செயலாளர் இதைப் படிப்பகத்துப் பத்திரிகையில் படித்துவிட்டு, "போரை நிறுத்துனவன இருக்க உடமாட்டாங்களாமா?" என்று பத்திரிகையை மடித்து வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்த ஆண்டு ஐப்பசியில் சங்கத்தில் கோரிக்கை எழுதினார். தொட்டியில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் காலை, மாலை ஒரு தம்ளர் பால். அவ்வளவுதான். பால் நெஞ்சைக் கழுவும் என்று பட்டறைகளில் ஒரு நம்பிக்கை உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நேரிடையாகவே கேட்டேன்.

"எனக்கு மட்டும் நம்பிக்கை இருக்குதுங்களா?" என்றார். "தொட்டிப் பக்கத்துல பாலை வெச்சா நெடி ஏறிப்போகும், வாயில வெக்க முடியாது. அப்ப ஆளு வெளிய வந்து, வேப்பமரத்தடியில குக்கி உக்காந்துதான் குடிக்கோணும். அந்த நேரம் அவன் நல்ல காத்து குடிக்கறானுங்க. நான் கேக்கறது காத்து. காத்துன்னு கேட்டா முதலாளி என்னம்பாரு? அதுதான் எல்லாப் பக்கமும் அடிக்குதேம்பாரு."

தைப்பூசத் தேருக்குள் பால் வராவிட்டால் பதவியில் இருக்க மாட்டேன் என்று அவரும் நாள் குறித்தார். அந்தப் பிரெஞ்சுக்காரரைப் பார்த்துத்தான்.

பெரிய பட்டறையின் முதலாளி எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். மரியாதைக்குக் குறைவில்லை. "ஏனுங்க செயலாளரே, உங்க ஆளுக என்ன கன்னுக்குட்டிகளா, நான் வரிசையா நிறுத்திப் பால் ஊத்தறதுக்கு? பாலுக்குண்டான காசைக் கூலியோட சேத்திக் குடுத்தர்றனுங்க. அவங்கவங்க ஊட்டுல வாங்கிக் குடிக்கட்டும். பால்படின்னே பேரு வெச்சுக்கலாம்."

ஆளை வெளியே விடாமல் இருக்கக் காசு கொடுக்கத் தயாராக இருந்தார் அவர். அதை நான் அன்று புரிந்துகொண்டேன். எங்கள் ஆட்கள் புரிந்துகொள்ளவில்லை. செய்தி நாங்கள் திரும்பி வருவதற்குள் பட்டறைகளுக்குப் போய்விட்டது. பொதுக்குழு கூடியபோது கொட்டகையில் கல்யாணக் களை.

முதலில் எழுந்தவன் செயலாளரின் மச்சினன். இருமி முடித்துவிட்டுப் பேசினான். "மாமா, கோவிச்சுக்காதீங்க. ஊட்டுல கொழந்தைக்கே பாலில்லீங்க. நான் மட்டும் மரத்தடியில குக்கிக் குடிச்சா எறங்குமுங்களா? காசாவே குடுத்தரட்டும்."

அவன் கேட்டதில் தப்பில்லை. இத்தனை ஆண்டு கழித்தும் அவன்மீது எனக்குக் கோபம் வரவில்லை. அப்படிக் கேட்கும் நிலையில் ஒருவனை வைத்திருந்து, அவன் வாயாலேயே அதைக் கேட்க வைத்தார்களே, அதுதான் பொறுக்கவில்லை. அவனுக்குப் பின்னால், "பாலு மலை மேல முருகனுக்குப் போகட்டுமுங்க, நமக்குக் காசு போதும்" என்று இன்னொருவன் சொல்ல, கைதட்டல் எழுந்தது.

பதில் பேச எழுந்த செயலாளர், பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு அந்தத் தம்ளரை எடுத்தது அப்போதுதான். குடித்து முடித்து, காலித் தம்ளரை உயரத் தூக்கிக் காட்டினார். "இதைக் குடிக்க எத்தனை நேரமாச்சு பாத்தீங்களா? அத்தனை நேரம் உங்க மூச்சு உங்களுது. காசு வாங்குனா அந்த நேரத்தையும் தொட்டிக்குள்ளதான்…" மேலே பேச விடவில்லை. பெஞ்சைத் தட்டினார்கள். "பால்காரரே, உக்காருங்க!" என்றார்கள். கையைத் தூக்கச் சொல்லி ஓட்டெடுத்தோம். எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

பால் வரவில்லை, ஆகவே நான் விலகுகிறேன் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார். "அதுதான் பால்படி வந்துருச்சே, அப்புறம் எதுக்குங்க ராஜினாமா?" என்று உண்மையிலேயே புரியாமல் கேட்டார்கள். எப்போதும் சொன்ன சொல்லைக் காப்பாற்றாத தலைவர்களையே பார்த்துப் பழகிய கூட்டம். காப்பாற்றிய ஒருவரைப் பார்த்ததும் கிறுக்கு என்று முடிவு கட்டிவிட்டது. பால்படி சில மாதங்களில் கூலியோடு கலந்து, தனியாக ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. யார் வீட்டுக் குழந்தைக்கும் அதனால் பால் வந்ததாக நான் பார்க்கவில்லை. செயலாளர் நல்லூரில் ஒரு சிறிய கம்பெனியில் துணி வெட்டும் வேலைக்குப் போனார். மீண்டும் மேடை ஏறவில்லை. அந்தப் பிரெஞ்சுக்காரரும் மீண்டும் பிரதமராகவில்லை. எழுபது வயதைத் தாண்டி இன்னும் இருக்கிறார்.

மச்சினன் இருக்கவில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரையில், இருமலிலேயே போனான். நாற்பது வயது ஆகவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் பால் தெளிப்பதற்காக உறவினரும் நானுமாகப் பத்துப் பேர் மயானத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். பெரிய பட்டறையின் மேஸ்திரி சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னால் கேரியரில் பித்தளைக் கேன். மூடியைத் திறந்து காட்டினார். கறந்த சூடு ஆறாத பால், நுரை அடங்கவில்லை.

"முதலாளி குடுத்தனுப்புனாருங்க. பழைய ஆளு, நம்ம செலவா இருக்கட்டும்னாரு."

யாரும் வாங்கக் கை நீட்டவில்லை. செயலாளர் கிட்டே வந்து கேனுக்குள் குனிந்து பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"பால் வேண்டாமுன்னு சொல்லீருங்க மேஸ்திரி. வழக்கப்படி காசாவே குடுக்கச் சொல்லுங்க."

மேஸ்திரி மூடியை அழுத்திப் பொருத்தினார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.