ஸ்விட்ச் போடவில்லை என்று சொல்லக் கூடாது

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவருக்குக் கம்ப்யூட்டர் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தால்கூடப் பரவாயில்லை, தப்பு யாருடையது என்று சொல்லாமல் இருக்க நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். "நீதானே கம்ப்யூட்டர் படிக்கிறே" என்று மாமாவின் போனையும் பக்கத்து வீட்டு டி.வி. ரிமோட்டையும் கையில் வாங்கியவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தோடு தப்பித்தேன் என்றுதான் நானும் நினைத்தேன். கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினீயரிங் சேர்ந்த முதல் வாரமே ஹாஸ்டல் வார்டன் பிரிண்டரைக் காட்டிவிட்டார்.

சாவி

ராஜபாளையத்தில் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேப் ஒன்று இருந்தது. இருந்தது என்றால், பூட்டியிருந்தது. மெஷினுக்குத் துணி உறை, கீபோர்டுக்குப் பிளாஸ்டிக் உறை, கதவுக்குப் பூட்டு. பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த நாங்கள் புரோகிராமை நோட்டில் எழுதுவோம். அதை ஓட்டினால் என்ன வரும் என்பதை எங்கள் டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போடுவார். அதையும் பார்த்து எழுதிக்கொள்வோம். எங்கள் புரோகிராம் ஒருநாளும் தப்பாக ஓடியதில்லை.

பிறகு பழைய மாணவர்கள் சேர்ந்து வகுப்புகளுக்கு ஸ்மார்ட் போர்டும் புரொஜெக்டரும் வாங்கித் தந்தார்கள். ஆசிரியர்களுக்குத் தலைவலி ஆரம்பித்தது. எச்.எம். சார் என்னையும் என் பெஞ்சுத் தோழி சபீனாவையும் கூப்பிட்டு, இனிமேல் நீங்கள்தான் ஹெல்ப் டெஸ்க் என்றார். டெஸ்க் என்றால் உட்கார இடம் வேண்டுமே, அதற்காக லேப் சாவியையும் கொடுத்தார். எனக்கு அது வகுப்பிலிருந்து நழுவ ஒரு வழி, அவ்வளவுதான். சபீனாவுக்கு அப்படியில்லை. அவள் அத்தா பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாகச் செருப்புக் கடை வைத்திருந்தார். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் நிஜமாகவே மெஷினில் புரோகிராமை ஓட்டிக் காட்ட வேண்டும். அவள் பழக உலகத்தில் இருந்தது அந்த ஒரு அறைதான். சாவியை நீட்டியபடி எச்.எம். சார் சொன்னார்: "ரிப்பேரு எல்லாம் நல்லாப் பாருங்கம்மா. ஆனா எதையும் தொட்டுறக் கூடாது."

வைத்தியம்

கணக்கு சார் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒருநாள் போர்டு செத்துப்போச்சு என்று ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் சுவரில் ஸ்விட்ச் போடவில்லை. நானும் பெரிய கெட்டிக்காரியாக, "சார், ஸ்விட்ச் போடலை" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அடுத்த பரீட்சையில் என் விடைத்தாளை அவர் திருத்திய அக்கறை இருக்கிறதே, அப்படி ஒரு அக்கறையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் சபீனா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். மேஜைக்கு அடியில் புகுந்து ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப்பார்ப்பாள். "ம்ச்" என்று சத்தம் கொடுப்பாள். சாரை இந்தப் பக்கம் வந்து நிற்கச் சொல்லிவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஸ்விட்சைப் போடுவாள். போர்டு எரியும். தலையில் ஒட்டடையோடு வெளியே வந்து, "வோல்டேஜ் சார்" என்பாள். சார் வகுப்பைப் பார்த்து நிமிர்ந்து நிற்பார்: "நான் அப்பவே சொன்னேம்லா, கரண்டுலதான் கோளாறுன்னு!"

எறும்பு

அதே கணக்கு சார் கேள்வித்தாள் டைப் அடிக்க லேபுக்கு வரும்போதெல்லாம் பால்கோவா கொண்டுவருவார். எங்களுக்குத்தான். ஆனால் டைப் அடித்துக்கொண்டே பாதியை அவரே சாப்பிட்டுவிடுவார். ஒருநாள் கீபோர்டில் கூட்டல் குறி அழுந்தவே இல்லை. தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினோம். எறும்பு குடும்பம் குடும்பமாக இறங்கி வந்தது. சாருக்கு வந்ததே கோபம், எங்கள் மேல்: "உங்களுக்குன்னு ஆசையா வாங்கியாந்தா, எறும்புக்கா குடுக்கீக?"

டீ நேரம்

சமூக அறிவியல் மேரி டீச்சர் தினமும் காலையில் வருகைப் பதிவை போனில் ஏற்ற வேண்டும். அந்த ஆப் தினமும் அவரை வெளியே தள்ளிவிடும். திரும்ப உள்ளே போக ஓ.டி.பி. வேண்டும். ஓ.டி.பி. போவதோ அவர் வீட்டுக்காரர் நம்பருக்கு. எந்த நல்ல நேரத்தில் அந்த நம்பரைக் கொடுத்து வைத்தாரோ! வீட்டுக்காரர் வேலை பார்ப்பது ஸ்பின்னிங் மில்லில். அங்கே போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். டீ குடிக்க வெளியே வரும்போதுதான் கையில் கிடைக்கும்.

ஆகவே மொத்த வகுப்பும் கண்ணெதிரே உட்கார்ந்திருக்க, யாருமே பள்ளிக்கூடத்துக்கு வராத மாதிரிதான் மேலிடத்துக்குத் தெரியும். நம்பரை மாற்றித் தருகிறோம் என்றால் டீச்சர் பயந்துவிடுவார், எதையாவது தொடப்போய் உள்ளதும் போய்விடும் என்பார். மில்லில் என்றைக்காவது டீ தாமதமானால் எச்.எம். அறையிலிருந்து ஆள் வரும். டீச்சர் கொஞ்சமும் பதறாமல் பதில் சொல்லி அனுப்புவார்: "எங்க வீட்டுக்காரரு டீ குடிச்சாத்தான் என் வகுப்புக்குப் பிள்ளைக வரும்னு சொல்லு."

பொட்டு

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்தால் ஒன்பதாம் வகுப்புப் புரொஜெக்டரில் எந்தப் படம் போட்டாலும் நடுவில் சிவப்பாக ஒரு மூட்டம். கேபிளை மாற்றினோம். லேப்டாப்பை மாற்றினோம். பல்பு போய்விட்டது, இனி அவ்வளவுதான் என்று சபீனா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். இதற்குள் மேரி டீச்சர் இந்திய வரைபடப் பாடத்தை நடத்தி முடித்துவிட்டார். பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. நாட்டின் நடுவில் சிவப்பாக வட்டம் போட்டு, இரும்புத்தாது கிடைக்குமிடம் என்று எழுதியும் வைத்துவிட்டார்கள்.

கடைசியில் பெஞ்சு மேல் ஏறிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, லென்ஸில் சந்தனம், அதன்மேல் குங்குமம். பள்ளிக்கூடத்தில் பூஜை வேலையெல்லாம் ஆயா மாரியக்காதான் செய்வார். பீரோ, மணி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் அளவாகப் பொட்டு வைத்தவர், இதற்கு மட்டும் தாராளமாக அப்பியிருந்தார். ஏன் அக்கா என்று கேட்டோம். அவருக்கு எங்கள் கேள்விதான் விளங்கவில்லை: "அது முழிச்சுக்கிட்டுல்லா இருந்துச்சு, பூசை அன்னைக்குக் கண்ணை மூடித் தூங்கட்டும்னுதான் வச்சேன்."

நற்சான்று

பிளஸ் டூ பொங்கல் லீவு முடிந்த அன்று எச்.எம். சார் எங்களைக் கூப்பிட்டார். பாராட்டத்தான் என்று ஓடினோம். பாராட்டவும் செய்தார். எந்த ஆசிரியரிடம் கேட்டாலும் மெஷினில் குறையே இல்லை, எப்போதாவது வோல்டேஜ் ஏறி இறங்குகிறது, அதுவும் தானாகச் சரியாகிவிடுகிறது என்கிறார்களாம். நாங்கள் சொல்லிக்கொடுத்த பாடத்தை அத்தனை பேரும் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்திருந்தார்கள். பிறகு எச்.எம். சார் கையை நீட்டினார், சாவிக்கு. செய்முறைத் தேர்வு பக்கத்தில் வந்துவிட்டது. சபீனாவின் புரோகிராம் உள்ளே மெஷினில் பாதியில் கிடந்தது. வராண்டாவுக்கு வந்ததும் அவள் அழுதாள்.

டெஸ்க் வேண்டும் என்று யாராவது ஒரு ஆசிரியர் சொன்னால் போதும். கணக்கு சாரிடம் போனோம். அவருக்கு எங்கள் மேல் பிரியம் உண்டு, பொய் சொல்லக் கூடாது. ஆனாலும் இப்படித்தான் சொன்னார்: "எல்லாஞ் சரிதாம்மா. ஆனா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நானே எப்படிப் போய்ச் சொல்லுவேன்?"

மக்கு

சொன்னவர் மேரி டீச்சர். ஸ்டாஃப் மீட்டிங்கில், அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று, "சார், இந்தப் பிள்ளைக இல்லாட்டி என்னால ஒருநாளும் வருகைப் பதிவு போட முடியாது. எனக்கு இதெல்லாம் ஏறாது" என்றாராம். சிலர் சிரித்தார்களாம். எச்.எம். சார் எரிச்சலோடு, டீச்சர் கற்றுக்கொள்ளும்வரை டெஸ்க் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சாவியைத் திருப்பித் தந்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் டீச்சர் லேபுக்கு வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்து, கற்றுக்கொள்ள முடியாமல் கஷ்டப்படுவார். நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பேன். சபீனா தன் மெஷினில் புரோகிராமை ஓட்டுவாள்.

ஒருநாள், "இன்னும் அவிய டீ குடிக்க வரலை போல" என்று டீச்சர் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே, அவர் மடியில் இருந்த போனில் டிங் என்று ஓ.டி.பி. வந்து விழுந்தது. மில்லுக்குப் போகவில்லை, நேராக இங்கேயே வந்தது. நம்பரை எப்போது மாற்றினாரோ, யாரிடம் கேட்டு மாற்றினாரோ! நான் போனைப் பார்த்தேன், டீச்சரைப் பார்த்தேன். அவர் போனைச் சேலை மடிப்புக்குள் தள்ளிவிட்டு, சபீனா காதில் விழாமல் மெதுவாகச் சொன்னார்: "ஏட்டி, வாயை மூடு. அவ பரீட்சை முடியுற வரைக்கும் நான் மக்குதான்."

பள்ளிக்கூடத்தில் வந்த கோளாறு அத்தனையையும் தீர்த்து வைத்தோம் என்று எல்லோரையும் போல நாங்களும் பெருமை பேசிக்கொள்கிறோம், மேரி டீச்சருடையதை மட்டும் நல்லவேளையாகக் கடைசிவரை தீர்க்க முடியவில்லை.